ஊருக்கெல்லாம் முதல் பந்தி... கொங்குச் சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி!

மாலை ஐந்தரை மணி தாண்டினால் கோவையின் தெருமுக்குகளில் ஒரு சத்தம் கிளம்பும். அகலமான இரும்புத் தவாவில் கரண்டியின் விளிம்பு குத்திக் குத்திக் கொத்துகிற சத்தம். தள்ளுவண்டியின் நடுவில் அடுப்பு. தவாவின் ஓரத்தில் செக்கச்செவேலென்று மசாலா குவிந்திருக்கிறது. நடுக்குழியில் கொஞ்சம் குழம்பு கொதிக்கிறது. முன்பே பொரித்து வைத்த உருண்டைகளைக் கடைக்காரர் பிய்த்துப் போடுகிறார், நசுக்குகிறார், குழம்பை இழுத்துவிட்டுப் புரட்டுகிறார். சின்னத் தட்டில் அள்ளி வைத்து, பொடியாக அரிந்த வெங்காயமும் கொத்தமல்லித்தழையும் தூவி, மேலே ஒரு கை நொறுக்கிய சிப்ஸ். சுற்றி நிற்பவர்கள் நின்றபடியே ஊதி ஊதிச் சாப்பிடுகிறார்கள்.

பெயர் காளான். அதில் காளான் எவ்வளவு என்று கேட்பது கோவையில் நாகரிகமில்லை. முட்டைக்கோஸும் மைதாவும்தான் பெரும்பகுதி என்பது கல்லூரிப் பிள்ளைகள் முதல் கார்ப்பரேஷன் ஊழியர் வரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வரிசையில் நிற்கிறார்கள்.

சமையல் முறை இந்தியச் சீனத்து மஞ்சூரியனுக்குத் தம்பி. வண்டி, பானிபூரிக்காரரிடம் கடன் வாங்கியது. முட்டைக்கோஸ் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்குவது. கரண்டி பிடித்திருப்பவர் பீகார்க்காரராக இருக்கலாம், உசிலம்பட்டிக்காரராகவும் இருக்கலாம். சாப்பிடுகிறவர்களில் பாலக்காட்டு மாணவரும் உண்டு, பவுண்டரி முடிந்து வந்த ஜார்க்கண்ட் இளைஞரும் உண்டு. வெளியே சாப்பிடுவது என்றால் இந்த ஊருக்கு என்ன என்பதை இந்த ஒரு தட்டில் பார்த்துவிடலாம்.

2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சியில் பத்தரை லட்சம் பேர். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் 21 லட்சத்துக்கு மேல். அதற்குப் பிறகு ஊர் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதைச் சரவணம்பட்டி சிக்னலில் ஒருநாள் மாலை நின்றால் தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். பருத்தியும் துணியும் குஜராத்திகளையும் மார்வாடிகளையும் கொண்டுவந்தன. பிரிவினை சிந்திகளைக் கொண்டுவந்தது. இப்போது ஒடிசா, அசாம், வங்காளம். வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஊர் ஓட்டல்கள் இலை போட்டன. வேடிக்கை என்னவென்றால், இந்த மண்ணின் சொந்தச் சமையல்தான் ஓட்டலுக்குள் கடைசியாக நுழைந்தது. நுழைந்த பிறகு அதை ஆக்கிப் போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறது.

மில் சங்கு ஊதிய ஊர்

கோவையின் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. ஷிஃப்ட் முறையில் வேலை. சங்கு ஊதுகிற நேரத்துக்குத்தான் பசி. வீட்டுக்காரம்மா கட்டிக்கொடுத்த தூக்குப்போசி இல்லாதவர்களுக்கு டீக்கடையும் இட்லிக்கடையும் மெஸ்ஸும்தான் கதி. உடுப்பிக்காரர்களும் பாலக்காட்டு ஐயர்களும் நடத்திய காபி கிளப்புகள் நகரின் நடுவில் இருந்தன.

அப்படியொரு ஓட்டலில் சர்வராக நின்றவர்களில் ஒருவர் ஜி.டி.நாயுடு. மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்ற ஒரே வெறியில் ஊரைவிட்டு வந்து, தட்டுத் தூக்கிப் பணம் சேர்த்தார். 1920-இல் பேருந்து ஓட்டத் தொடங்கி, பிறகு இந்தியாவின் முன்னோடித் தொழில்நுட்பக்காரர்களில் ஒருவரானது பின்கதை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளும் அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று அவர் பெயரில் திறக்கப்பட்டது. அதன் கீழே வரிசையாக இருப்பவை இன்றைய கோவையின் பெரிய ஓட்டல்கள். பாலம் கட்டிய ஐந்து வருடமும் பார்க்கிங் இல்லாமலும் தூசியிலும் தவித்த கடைகள் அவை. இப்போது விமான நிலையத்துக்குப் போகும் கார்கள் அந்தக் கடைகளின் தலைக்குமேல் பறந்துவிடுகின்றன. பழைய சர்வர் இதைப் பார்த்திருந்தால் ஏதாவது ஒரு கருவி கண்டுபிடித்திருப்பார்.

1948-இல் மகாதேவ ஐயர் கோவையில் தொடங்கிய கிருஷ்ணா ஸ்வீட்ஸ் மைசூர்பாவை வாயில் கரைய வைத்தது. 1968-இல் தாமோதரசாமி நாயுடுவும் சகோதரர்களும் ஆர்.எஸ்.புரத்தில் அன்னபூர்ணாவைத் திறந்தார்கள். சாம்பாரில் முங்கிய வடை, சிறுவாணித் தண்ணீரில் போட்ட காபி, சுத்தமான மேசை, கூட்டமாக இருந்தாலும் நிற்காத சர்வீஸ். நடுத்தர வர்க்கக் குடும்பம் பெண்களோடும் குழந்தைகளோடும் போய் உட்காரக் கூடிய இடம் என்ற நம்பிக்கை பிறந்தது இங்கேதான். ‘ஃபேமிலி ரூம்’ திரைச்சீலைக்குப் பின்னால் தலை குனிந்து சாப்பிட்ட தலைமுறைக்கு அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டல்களில் காலை ஆறு மணிக்கு நூறு இட்லி தயாராக இருப்பதற்குக் காரணம் கோவையின் வெட் கிரைண்டர். 1950-களில் இந்த ஊர்ப் பட்டறையில் பிறந்து, பின்னாளில் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தால் ஓட்டல் தொழிலே இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. ஊர் ஊராக மாவரைத்துக் கொடுத்த கோவை, தன் வீட்டு அடுப்படியை மட்டும் மூடியே வைத்திருந்தது.

ஒறம்பரைக்கு ஆக்குவதை விற்பதா?

காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டு வாழ்க்கை தோட்டத்து வாழ்க்கை. வீடுகள் ஊருக்குள் நெருக்கியடித்து நிற்பதில்லை. அவரவர் காட்டில் தனித்தனியாக நிற்கும். களி, கம்மஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறுக் குழம்பு, மோர். இதைக் காசு கொடுத்து வெளியே சாப்பிடுவதா என்று கேட்பார்கள். ஒறம்பரை (உறவினர்) வந்தால் சேவலைப் பிடித்து அடித்துக் குழம்பு வைப்பார்கள். அது விருந்து, விற்பனைச் சரக்கு இல்லை. கறி வெளியே சாப்பிட வேண்டுமென்றால் டவுனுக்குப் போய் மிலிட்டரி ஓட்டலிலோ பாய் கடை பிரியாணியிலோ கை நனைத்துவிட்டு வருவார்கள். டவுன்ஹால் பக்கத்து அங்கண்ணன் பிரியாணிக்கு இன்றைக்கும் ஆள் குறையவில்லை.

அதனால் ‘சைவம்’ என்றால் உடுப்பி, ‘அசைவம்’ என்றால் செட்டிநாடு அல்லது பிரியாணி என்று பலகை எழுதிவிட்டார்கள். கொங்கு என்று ஒரு சமையல் இருப்பதே வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

---
பெட்டிச் செய்தி: கொங்கு இலையில் என்ன இருக்கும்?

*அரிசியும் பருப்பும் சாதம்:* கோவை வீடுகளின் அவசர உணவு. துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஆக்குவது. மேலே நெய், பக்கத்தில் அப்பளம்.

*சந்தகை:* அரைத்த மாவை முதலில் இட்லியாக வேகவைத்து, சூடு ஆறும் முன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். தனியாளாகச் செய்வது சிரமம். தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடுவார்கள்.

*கொள்ளுப் பருப்பு:* வேகவைத்துக் கடைந்து சோற்றில் பிசைவது. வடித்த தண்ணீர் ரசமாகும்.

*ஒப்புட்டும் கச்சாயமும்:* நோம்பிக்கும் (பண்டிகை) விருந்துக்கும். ஒப்புட்டு மற்ற ஊர்களில் போளி; கச்சாயம் அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடும் பலகாரம்.

*ஊத்துக்குளி வெண்ணெய், ஈரோட்டு மஞ்சள், பொள்ளாச்சித் தேங்காய்:* இலையில் தனியாகத் தெரியாது. ஆனால் எல்லாவற்றிலும் இருக்கும்.
---

பலகையை மாற்றியவை சில ஈரோட்டுக் கடைகள். 1960-இல் ஈரோட்டில் ஒரு தம்பதி தொடங்கிய சாப்பாட்டுக்கடை ஜூனியர் குப்பண்ணாவாக வளர்ந்து சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் வரை போனது. பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்தில் யு.பி.எம். ‘நம்ம வீட்டுச் சாப்பாடு’ வேறொரு வழியில் போனது. வாழையிலையில் ரத்தப் பொரியல், குடல், நாட்டுக்கோழி, மட்டன் என்று வைத்துக்கொண்டே போவார்கள். போதும் என்று கும்பிட்டால்தான் விடுவார்கள். யூடியூப்காரர்கள் கேமராவோடு போய் வந்த பிறகு வெளி மாநிலத்துக் கார்களும் அந்தச் சின்ன ஊருக்கு வழி கேட்டு வருகின்றன. கோவையில் ஹரிபவனம், வளர்மதி என்று கொங்குக் கறிச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கிய இடங்கள் உண்டு. இந்த நூற்றாண்டில்தான் ‘கொங்கு’ என்ற சொல்லை ஓட்டல்காரர்கள் பெயர்ப் பலகையில் போடத் துணிந்தார்கள்.

கொங்குக் கறியின் முகவரி பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிக்கு அந்தப் பக்கம், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் விசைத்தறி ஊர் பள்ளிபாளையம். செய்முறையைப் பார்த்தால் சமையல் தெரிந்தவர்களே சந்தேகப்படுவார்கள். எண்ணெய் காய்ந்ததும் வரமிளகாயைக் கிள்ளிப் போடுகிறார்கள், விதையை உதறிவிட்டுத்தான். கை நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீர் தெளித்துத் தெளித்து வேகவிட்டு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டுச் சுருள வதக்கினால் வேலை முடிந்தது. பட்டை இல்லை, கிராம்பு இல்லை, மல்லித்தூள் இல்லை. சிந்தாமணி சிக்கன் இன்னும் சிக்கனம்: அதில் மிளகாயும் எண்ணெயும்தான் ராஜாங்கம்.

இப்படி மசாலாவே வேண்டாம் என்கிற ஊரிலிருந்துதான் தமிழ்நாட்டு அடுப்படிகளுக்கெல்லாம் மசாலாப் பொடி போகிறது. 1975-இல் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கிய சக்தி நிறுவனம், இரண்டு வருடத்தில் மசாலாப் பொடிக்கு மாறியது. இன்று தமிழ்நாட்டில் அந்தப் பாக்கெட் தொங்காத பெட்டிக்கடை கண்ணில் படுவது அபூர்வம்.

பல்லடம் சொல்லும் விலை

பள்ளிபாளையம் சிக்கனுக்கு வேண்டியது நாட்டுக்கோழி. ஓட்டல்களில் கிடைப்பது பெரும்பாலும் பிராய்லர். இதற்கும் கொங்கு மண்டலமே பொறுப்பு. 1984-இல் உடுமலைப்பேட்டையில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சுகுணா நிறுவனம், ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பதைப் பரவலாக்கியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்ததற்குக் கூலி. மழை பொய்த்துக் கிணறு வற்றிய காடுகளில் பண்ணைக் கொட்டகைகள் எழுந்தன. கறிக்கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்து ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. முட்டைக்கு நாமக்கல் விலை. கேரளத்துப் புரோட்டாக் கடையில் சிக்கன் கறி என்ன விலைக்குப் போகும் என்பதைப் பாதி தீர்மானிப்பது பல்லடம்.

தமிழ்நாட்டில் வெளியே சாப்பிடுவதை வாராந்தரப் பழக்கமாக்கியதில் இந்த மலிவுக் கோழிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆட்டுக்கறி விலையில் ஷவர்மாவும் சிக்கன் 65-உம் தெருவுக்குத் தெரு வந்திருக்க முடியாது.

வந்ததன் விலையையும் கொங்கு மண்டலம் கொடுத்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது, கெட்டுப்போன இறைச்சி குழியில் புதைந்தது, சில வாரங்கள் ஷவர்மா அடுப்புகள் அணைந்திருந்தன. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. முட்டைக்குப் பேர் போன நாமக்கல்லில் கடைக்காரர்கள் முட்டை சேராத மயோனைசுக்கு மாறினார்கள். செங்குத்துக் கம்பியில் சுற்றும் கறியின் உள்பக்கம் வெந்திருக்கிறதா என்று பார்க்க வாடிக்கையாளரிடம் எந்தக் கருவியும் இல்லை. அதிகாரிகளின் வருகையும் பெரும்பாலும் அசம்பாவிதத்துக்குப் பிறகுதான்.

பன்னுக்குள் புகுந்த க்ரீம்

2024 செப்டம்பர் 11. கோவை கொடிசியா வளாகத்தில் தொழில்துறையினர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனைச் சந்திக்கிறார்கள். அன்னபூர்ணா குழுமத்தின் சீனிவாசன் எழுந்து கோவைக்கே உரிய மரியாதைத் தமிழில், சிரித்துச் சிரித்து ஒரு குறையைச் சொல்கிறார். பன்னுக்கு வரி இல்லை. உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம். வாடிக்கையாளரோ பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார். இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு ஒரு வரி, கம்ப்யூட்டரே திணறுகிறது. அரங்கு சிரித்தது. வீடியோ இந்தியா முழுக்க ஓடியது.

இரண்டு நாளில் இன்னொரு வீடியோ வந்தது: அமைச்சரிடம் அவர் வருத்தம் தெரிவிக்கும் தனிப்பட்ட சந்திப்பு. எதிர்க்கட்சிகள் கொதித்தன, அந்த வீடியோவைக் கட்சிக்காரர்கள் வெளியிட்டதற்கு மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். அரசியல் அத்தோடு அடங்கியது. கேள்வி அடங்கவில்லை, ஏனென்றால் அதில் தப்பில்லை.

---
பெட்டிச் செய்தி: பில்லின் அடியில் இருக்கும் வரி

2017 ஜூலை: ஜி.எஸ்.டி. அறிமுகம். ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம்.

2017 நவம்பர் 15: இரண்டும் 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஓட்டல்காரர் தான் கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது.

2022 ஜனவரி 1: ஸ்விக்கி, சொமேட்டோ வழியாகப் போகும் சாப்பாட்டுக்கான வரியை அந்தச் செயலிகளே வசூலித்துக் கட்ட வேண்டும்.

2025 செப்டம்பர் 22: கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. மிக்சர், காராபூந்தி வகைகள் 12-லிருந்து 5-க்கு. சப்பாத்தி, பரோட்டா வகைக்கு வரி இல்லை. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதே 5 சதவீதம்.
---

இனிப்பும் காரமும் க்ரீம் பன்னும் ஒருவழியாக ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. மிச்சமிருக்கும் முடிச்சு அந்த உள்ளீட்டு வரி. கட்டட வாடகைக்கு 18 சதவீதம் வரி கட்டும் ஓட்டல்காரர் அதை எங்கும் கழிக்க முடியாது. கழிக்க முடியாதது தோசை விலையில் ஏறும். பில்லின் அடியில் இருக்கும் ஐந்தைப் பார்த்து வாடிக்கையாளர் நிம்மதி அடைகிறார். மேலே ஏறியிருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டெலிவரி செயலிகளோடு நடக்கும் இழுபறி இதைவிடக் காரம். வெள்ளை மேசையும் வாடகையும் தேவையில்லை, வீட்டுக்கே சாப்பாடு போகும் என்று கொரோனா காலத்தில் கை கொடுத்தவை அவை. இப்போது கமிஷன், விளம்பரக் கட்டணம், தள்ளுபடியில் பங்கு என்று பிடித்தம் போனால் கையில் நிற்பது என்ன என்று கேட்கிறார்கள் ஓட்டல்காரர்கள். 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோவுக்குச் சாப்பாடு தர மாட்டோம் என்று நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் கூடி முடிவெடுத்தார்கள். பெருநகரத்து ஓட்டல் சங்கங்கள் பேசிக்கொண்டே இருந்ததை ஒரு மாவட்டத் தலைநகரம் செய்து பார்த்தது கவனிக்க வேண்டியது. ஊர் சிறியது, கடைக்காரரின் முகம் வாடிக்கையாளருக்குத் தெரியும். போன் போட்டுச் சொல்லிவிட்டு வண்டியில் போய் வாங்கிக்கொள்ளலாம். கோவையில் அந்தத் தைரியம் அவ்வளவு சுலபமில்லை. சரவணம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிக்கும் ஐ.டி. ஊழியருக்குக் கடைக்காரர் முகம் தெரியாது. செயலியின் வரைபடத்தில் நகரும் சின்ன வண்டிதான் தெரியும்.

யார் பக்கத்தில் யார்?

பலதரப்பட்ட சாப்பாடு கிடைப்பதும் பலதரப்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் வேறு வேறு விஷயங்கள். இந்த மண்ணில் இரண்டாவது, சண்டை போட்டுக் கிடைத்தது.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்த காலம் ஒன்று உண்டு. ஈரோட்டுக்காரரான பெரியாரும் அவர் இயக்கமும் விடாமல் எதிர்த்த பிறகு 1941-இல் அது நீங்கியது. சாதியின் பெயரால் யாரையும் கடைக்குள்ளும் உணவு விடுதிக்குள்ளும் விடாமல் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு 1950-இல் சொன்னது. மீறினால் தண்டனை என்று 1955-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், கொங்குக் கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை தொங்கியது. போராட்டங்களும் வழக்குகளும் வந்த பிறகு சில இடங்களில் பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப் என்றால் சரி. ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குப் பேப்பர் கப் என்றால் பழைய குவளை உருமாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம், அவிநாசி வட்டாரத்தைச் சேர்ந்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சிலர் சமைக்க விடாமல் தடுத்தார்கள். அவரை வேறு பள்ளிக்கு மாற்ற உத்தரவு போனது. எதிர்ப்பு கிளம்பியதும் உத்தரவு திரும்பியது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்த ஊரிலிருந்து கோவை ஓட்டல்கள் ஒரு மணி நேரத் தூரம்தான்.

நகரத்து ஓட்டலில் சமைப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க முடியாது. மேசையில் எதிரே உட்காருபவரிடம் ஊர், உறவு விசாரிக்கும் கொங்கு வழக்கம் காந்திபுரத்து மத்தியானக் கூட்டத்தில் எடுபடாது. பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். ஓட்டல் செய்த சமூகக் காரியங்களில் இந்த அவசரம் முக்கியமானது என்றே சொல்ல வேண்டும்.

அதே நகரத்துக்கு 1998-உம் நினைவிருக்கிறது. முந்தைய ஆண்டுக் கலவரமும் பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பும் கடைவீதிகளைப் பல மாதங்கள் சீக்கிரம் அடைக்க வைத்தன. குண்டு வெடித்த இடங்களில் ஆர்.எஸ்.புரமும் ஒன்று. இன்று அதே ஆர்.எஸ்.புரத்து டி.பி. ரோட்டில் மாலையில் நடக்க இடமில்லாத அளவுக்குச் சாட் கடையும் ஐஸ்கிரீம் கடையும். உக்கடம் லாரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதம் பார்த்து மீன் வாங்குபவர் யாருமில்லை.

ஒரு ரூபாய் இட்லியும் சிங்காநல்லூர் வரிசையும்

பெரிய ஓட்டல் பில்லைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரின் இன்னொரு பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. கியர் தயாரிப்பில் பெயர் பெற்ற சாந்தி கியர்ஸ் நிறுவனர் சுப்பிரமணியம் 1996-இல் தொடங்கியது சாந்தி சோசியல் சர்வீசஸ். சிங்காநல்லூரில் அதன் உணவகத்தில் விலை வெளியே இருப்பதைவிட வெகு குறைவு; சுத்தத்தில் நட்சத்திர ஓட்டல்கள் வெட்கப்படும். விளம்பரம் கிடையாது, போட்டோ கிடையாது. 2012-இல் கியர் நிறுவனம் முருகப்பா குழுமத்துக்குக் கைமாறியது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். வரிசை இன்றும் நீளம். அதில் கூலித் தொழிலாளியும் நிற்கிறார், காரை நிறுத்திவிட்டு வந்தவரும் நிற்கிறார்.

ஆலாந்துறை பக்கம் வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பில் இட்லி ஊற்றி ஒரு ரூபாய்க்கு விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019-இல் நாடே பார்த்தது. 2022 அன்னையர் தினத்தன்று தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தார். அம்மா உணவகங்களில் 2013-இலிருந்து இட்லி ஒரு ரூபாய்தான். கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர் பலருக்குத் தமிழ்நாட்டில் முதலில் பழகிய சாப்பாடு அங்கே கிடைத்த சாம்பார் சாதம்.

சந்தகை பிழிய யார் வருவார்?

இனி அடுப்படி. கோவை, திருப்பூர் ஓட்டல்களில் ஒரு காலத்தில் சர்வர் என்றால் உடுப்பி, பாலக்காடு, திருநெல்வேலி. அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உள்ளூர்ப் பையன்களைப் பனியன் கம்பெனியும் செல்போன் கடையும் இழுத்துக்கொண்டன. இன்று பாத்திரம் கழுவுவது முதல் தந்தூரி அடுப்பு வரை அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், நேபாளம். “ஏனுங்கண்ணா, சாப்பாடா டிபனுங்களா?” என்று கொங்கு ராகத்திலேயே கேட்கும் சர்வரின் சொந்த ஊர் பிரம்மபுத்திரா கரையில் இருக்கலாம். இந்த ‘ங்க’ விகுதியைப் பிடித்துக்கொண்டால் கோவையில் பாதி வேலை முடிந்தது என்பதை அவர்கள் சீக்கிரம் கண்டுகொண்டார்கள்.

அவர்களுக்கும் வெளியே சாப்பிட வேண்டுமே. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டை, ரயில் நிலையப் பக்கம் போனால் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய சாப்பாட்டுக் கடைகள் தெரியும். மளிகைக் கடையில் கடலெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய். காலையில் பூரி சப்ஜி, இரவில் மீன் குழம்பும் சோறும். பனியன் ஊரில் இவர்கள் நடத்தும் சின்னச் சின்ன மெஸ்கள்தான் இன்றைய மில் தொழிலாளி ஓட்டல். உள்ளூர்க்காரர்கள் அங்கே போவது அபூர்வம். மோமோ வண்டி மட்டும் எல்லையைத் தாண்டிவிட்டது.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கிறது என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி வேறு நெருங்கியது. திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் கூட்டம் அம்மியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் பார்த்துவிட்டு, வதந்தி என்றது. பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. தமிழ்நாடு காவல் துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது. பவுண்டரியும் பனியன் கம்பெனியும் ஆர்டரைத் தள்ளிப்போடலாம். ஓட்டலுக்கு அந்த வசதி இல்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு இலையில் சோறு விழுந்தாக வேண்டும்.

கொங்குச் சமையலுக்கு இதில் தனிச் சங்கடம். தந்தூரியும் நூடுல்ஸும் வெளிமாநிலத்துச் சமையல்காரருக்குக் கைவந்த கலை. பள்ளிபாளையம் சிக்கனைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். மிளகாயும் வெங்காயமும் எண்ணி எடை போட்டுக் கொடுத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடுகிறார்கள். அளவும் மசாலாவும் ஒரே இடத்தில் தயாராகிக் கிளைகளுக்குப் போகும் முறை கிளை பரப்பிய ஓட்டல்களுக்கு இதற்காகவே தேவைப்படுகிறது. களி கிண்டுவதும் கொள்ளு கடைவதும் சந்தகை பிழிவதும் வேறு. மாவின் சூடு கைக்குத் தெரிய வேண்டும், ஆறிவிட்டால் அச்சு நகராது. அதனால்தான் பெரிய மெனு கார்டு போட்டிருக்கும் கொங்கு ஓட்டல்களில்கூடச் சந்தகை சில வேளைகளில் மட்டும் கிடைக்கிறது. அதைச் செய்யக் கூப்பிடுவது பக்கத்துக் கிராமத்துப் பெண்களை. அவர்கள் வீட்டு வேலையை முடித்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்ப வேண்டும். நிரந்தரச் சம்பளம், பி.எஃப்., இரவு வண்டி என்று கேட்டால் முதலாளி மெனுவிலிருந்து சந்தகையை எடுத்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஓட்டல்காரர்களின் காலண்டர் மாறிவிட்டது. முகூர்த்த நாள், ஆடி நோம்பி, தைப்பொங்கலோடு இப்போது ஹோலியும் சத் பூஜையும் அதில் ஏறிவிட்டன. வெளிமாநில ஊழியர்கள் ஊருக்குப் போக ஏறும் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் போகும் வழி ஈரோடு, திருப்பூர், கோவை. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120. ஊருக்குப் போகிறவர் யார், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் இருக்கிறதா என்பது அந்த இரண்டு மாதத்துக்குள் தெரிந்துவிடும். ஹோலி வருவது மாசி, பங்குனியில். அதே மாசியில்தான் கொங்கு நாட்டில் கல்யாண மண்டபங்களும் நிரம்பியிருக்கின்றன.